கடலுக்காக வளைந்த கோடு

ஒரு கப்பலின் பக்கவாட்டுப் படத்தில் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், உடலின் மேல்விளிம்பைப் பாருங்கள் என்பேன். புகைபோக்கி, சன்னல்கள், நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ‘மார்கோ போலோ’ என்ற பயணக் கப்பலின் படம் ஒன்றைத் தேடி எடுங்கள். கருநீல உடலும் வெண்ணிற மேற்கட்டும் சந்திக்கும் விளிம்பில் கண்ணை வைத்து, பின்கோடியிலிருந்து மெல்ல முன்னே நகர்த்துங்கள். சற்றே உயர்ந்து தொடங்கும் அந்தக் கோடு, நடு உடலை நெருங்க நெருங்கத் தணிந்து அமைதியாகிறது. பிறகு, எழுகிறதா இல்லையா என்று கண் ஐயப்படும் அளவுக்கு மென்மையாக எழத் தொடங்குகிறது. கப்பலின் முன்முனையான அணியத்தை நெருங்கும்போது அந்த எழுச்சிக்குத் துணிவு வந்துவிடுகிறது. முனையில் நிமிர்ந்து, கடலுக்கு மேலே தலைநீட்டி நிற்கிறது. 176 மீட்டர் நீளத்தில் ஓரிடத்திலும் அது முறியவில்லை. மார்கழி விடியலில் தேர்ந்த கை ஒன்று தரையிலிருந்து எடுக்காமல் இழுத்த கோலக் கோட்டைப் போல, தொடங்கியதிலிருந்து முடிவதுவரை ஒரே மூச்சு.

அழகுக்காக மட்டும் இழுத்த வளைவு அன்று அது. எதிரே வரும் அலையை முதலில் சந்திப்பது அணியம். அது உயர்ந்திருந்தால் அலைமேல் ஏறும். தாழ்ந்திருந்தால் அலை தளத்தின்மேல் ஏறும். உயர வேண்டிய இடத்தில் உயர்ந்து, மனிதர் நடமாடும் நடுப்பகுதியில் தணிந்து கொடுப்பதற்காகத்தான் கப்பல் கட்டுவோர் தலைமுறை தலைமுறையாகத் தளங்களை வளைத்தார்கள். ஒவ்வொரு தகட்டையும் வெவ்வேறு அளவில் வெட்டி, ஒவ்வொரு விட்டத்தையும் வெவ்வேறு உயரத்தில் பொருத்த வேண்டிய வேலை. இன்றைய பெரும் பயணக் கப்பல்களின் தளங்கள் பெரும்பாலும் நேராக இருப்பதற்குக் காரணம், நேர்க்கோடு செலவு குறைந்தது என்பதுதான். இப்படி வளைந்த கப்பல்களில் நீண்ட நடைக்கூடத்தின் ஒரு முனையில் நின்று பார்த்தால், தரை தொலைவில் மெல்ல மேலேறுவது தெரியும். அறைக்கதவைத் திறந்து வெளியே வரும் பயணி, கடலையே பார்க்காமல், கடலுக்காகச் செய்த ஏற்பாட்டின்மேல் கால் வைக்கிறார். எனக்கு இந்த நுட்பம் அலுப்பதே இல்லை.

இப்போது அணியத்துக்கு வாருங்கள். நீரைத் தொடும் இடத்தில் கத்தியின் விளிம்பாய் ஒடுங்கியிருக்கிறது. மேலே செல்லச் செல்ல இரு பக்கமும் பூவிதழ் விரிவதாய் வெளியே மலர்கிறது. கீழே ஒடுக்கம் நீரைப் பிளப்பதற்கு. மேலே விரிவு, பிளந்த நீர் எகிறித் தளத்தில் விழாமல் வெளியே தள்ளுவதற்கு. இந்த இரண்டுக்கும் நடுவே எஃகு திரும்பும் திருப்பம் இருக்கிறதே, அதில் வெளிச்சம் விழும் விதத்தைப் பாருங்கள். காலை வெயிலில் எடுத்த படங்களில் அந்தக் கருநீலம் ஒரே நிறமாக இராது. மேல்விளிம்பில் ஆழ்ந்து, திருப்பத்தில் வெளிறி, நீரருகே மீண்டும் இருண்டு கிடக்கும். வண்ணம் பூசியவர் ஒரே நிறத்தைத்தான் பூசினார். மற்றதைச் செய்தது வடிவம்.

இந்த மென்மைக்குள் இருந்தது மிகக் கடினமான எஃகு. பனிக்கட்டி மிதக்கும் கடல்களில் செல்வதற்கென்றே வலுப்படுத்திய உடல் இது. அதன் முதல் வாழ்க்கை அப்படிப்பட்டது.

பால்டிக் கடலோரத்து விஸ்மார், பழைய வணிக நகரம். அன்றைய கிழக்கு ஜெர்மனியில், நாஜிகளால் கொல்லப்பட்ட தொழிலாளர் தலைவர் மத்தியாஸ் தேசனின் பெயரைத் தாங்கிய கப்பல் கட்டும் தளம் அங்கே இருந்தது. சோவியத் நாட்டுக்காக ஒரே வார்ப்பில் ஐந்து பயணிகள் கப்பல்களை அந்தத் தளம் கட்டியது. அவற்றுக்கு வைத்த பெயர்களை நான் ஒவ்வொன்றாக, நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இவான் ஃபிராங்கோ. அலெக்சாந்தர் புஷ்கின். தாராஸ் ஷெவ்சென்கோ. ஷோத்தா ருஸ்தவேலி. மிகாயில் லெர்மன்தவ். ஐவரும் கவிஞர்கள். இருவர் உக்ரைன் மொழியில் பாடியவர்கள், இருவர் ரஷ்ய மொழியில். ருஸ்தவேலி பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் ஜார்ஜியாவில் வாழ்ந்த காப்பியக் கவி. தளபதிகளின் பெயர்களுக்கும் தலைவர்களின் பெயர்களுக்கும் பஞ்சமில்லாத ஒரு நாடு, பெருங்கடலைத் தாண்டப் போகும் தன் மிக அழகிய ஐந்து கப்பல்களுக்குக் கவிஞர்களைத் தேடிப் போனது. அந்த முடிவை எடுத்தவர் யாராயினும் அவரை வணங்கத் தோன்றுகிறது.

நம் கதாநாயகி, ஐவரில் இரண்டாமவரின் பெயரோடு 1965இல் கட்டி முடிக்கப்பட்டாள். 1966 ஏப்ரலில் லெனின்கிராட்டிலிருந்து கனடாவின் மான்ட்ரியாலுக்கு முதல் பயணம். வட அட்லாண்டிக் கடலைத் தாண்டி, செயிண்ட் லாரன்ஸ் ஆற்றில் ஏறும் வழித்தடம் அது. கரிய உடல், வெண்ணிற மேற்கட்டு, புகைபோக்கியில் செந்நிறப் பட்டை, அதன்மேல் பொன்னிற அரிவாள் சுத்தியல். ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கை ஏழெட்டு மணி நேரத்தில் தாண்டத் தொடங்கிவிட்ட காலத்தில், பயணிகள் கப்பலின் யுகமே முடிந்துகொண்டிருந்த வேளையில் பிறந்தவள். ஆனாலும் கட்டியவர்கள் குறை வைக்கவில்லை. நாள் தவறாமல், காலநிலை பாராமல், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆட்களைக் கொண்டுசேர்க்கும் கடமைக்காக அவளைப் படைத்தார்கள். உல்லாசத்துக்கென்று பிறந்த கப்பல்களில் காணாத ஓர் உறுதி அவள் தோற்றத்தில் கடைசிவரை இருந்ததற்கு அதுதான் காரணம்.

அந்த உறுதியின் பாதி நீருக்கடியில் இருந்தது. கப்பல் எவ்வளவு ஆழத்துக்கு நீரில் அமிழ்ந்திருக்கிறது என்ற அளவு, படங்களில் தெரியாத அழகு. மார்கோ போலோ எட்டு மீட்டருக்குச் சற்று மேல் அமிழ்ந்து நின்றாள். இன்று உலகின் மிகப் பெரிய பயணக் கப்பல்களில் ஒன்றான ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ ஏறத்தாழ 9 மீட்டர்தான் அமிழ்கிறது. ஆனால் அதன் கொள்ளளவு கிட்டத்தட்ட 2,48,000 டன், இவளுடையது 22,080. டன் என்றாலும் இது எடைக் கணக்கு அன்று, உள்ளே அடைபட்ட இடத்தின் கணக்கு. பதினொரு மடங்கு இடத்தைச் சுமக்கும் அந்தக் கட்டடம் இவளைவிட ஒரே ஒரு மீட்டர் கூடுதலாக நீருக்குள் இறங்குகிறது. மற்றதெல்லாம் வானத்தை நோக்கி எழுந்து நிற்கிறது. இவளோ தன் உயரத்துக்குக் கணிசமான பங்கை நீருக்கடியில் வைத்திருந்தவள். வேர் பிடித்து நிற்கும் நிதானம் அந்த விகிதத்திலிருந்து வந்தது. மேற்கட்டும் தாழ்வாக, நீண்டு, உடலின்மேல் சாய்ந்து படுத்திருந்தது. எந்தத் தளத்தில் நின்றாலும் கடல் பக்கத்தில் இருந்தது.

இயந்திர அறையை மறந்துவிடக் கூடாது. சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் வடிவமைத்து, போலந்தின் செகியெல்ஸ்கி ஆலை வார்த்த இரண்டு டீசல் எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் ஏழு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரின் வாய் அகலமும் 76 சென்டிமீட்டர். வளர்ந்த மனிதன் ஒருவன் தாராளமாக உள்ளே இறங்கலாம். இரண்டும் சேர்ந்து 21,000 குதிரைத்திறன், மணிக்கு இருபது கடல்மைல் வேகம். இவை அவசரப்படாத எஞ்சின்கள். பல்சக்கரங்களின் இடையீடு இல்லாமல் நேரே சுழலித் தண்டைத் திருப்புபவை. நிமிடத்துக்கு நூற்றிருபது சுற்றை ஒட்டியே சுழல்பவை. இத்தகைய எஞ்சின் ஓடும் கப்பலில் இரைச்சலைவிட ஒரு துடிப்புதான் உணரக் கிடைக்கும். மேசையில் வைத்த தண்ணீர்க் குவளையின் மேற்பரப்பில் நுண்ணிய வட்டங்களாகவும், படுக்கையில் சாய்ந்தவரின் முதுகில் மெல்லிய தாளமாகவும் வரும் துடிப்பு அது. சுவிஸ் மூளை, போலந்து வார்ப்பு, ஜெர்மன் எஃகு, ரஷ்யக் கவிஞனின் பெயர்: ஐரோப்பாவைப் பிளந்து நின்ற அரசியல் கோடுகளுக்கு நடுவே, அந்தக் கண்டம் இந்த உடலுக்குள் கூடிப் பேசிக்கொண்டிருந்தது.

1991இல் அவள் கைமாறினாள். வாங்கியவர் ஜெர்ரி ஹெராட் என்ற பிரிட்டானியத் தொழில்முனைவர். வயது இருபத்தைந்தைத் தாண்டிய கப்பலை வாங்கி, கிரீஸ் நாட்டின் பெராமாவுக்குக் கொண்டுபோய், உள்ளிருந்த அனைத்தையும் களைந்தார். உடலும் எஞ்சின்களும் மட்டும் மிஞ்சின. அந்த வெற்று உடலுக்குள் புதிய கப்பல் ஒன்றை எழுப்ப ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. எதை மாற்றினார் என்பதைவிட எதைத் தொடாமல் விட்டார் என்பதில்தான் நான் அவருடைய ரசனையைக் காண்கிறேன். அறைகளைக் கூட்டுவதற்காக அணியத்தை மொண்ணையாக்கவில்லை, வளைவை நிரவவில்லை. உடலுக்குக் கருநீலம் பூசி, அந்தக் கோட்டை முன்னைவிடத் துலக்கமாக்கினார். 1993 இறுதியில், ஓரியண்ட் லைன்ஸ் என்ற தம் புதிய நிறுவனத்தின் ஒரே கப்பலாக, மார்கோ போலோ என்ற பெயருடன் அவளை மீண்டும் கடலுக்கு அனுப்பினார்.

அந்தப் பெயரில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1290களில் சீனத்திலிருந்து கடல்வழியாக ஊர் திரும்பிய அந்த வெனிஸ் நகரத்து வணிகர், பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கியவர். முத்துக்குளிப்பையும், தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தையும், ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் அங்கே குதிரைகள் வந்திறங்கியதையும் வியந்து சொன்னவர். கவிஞனின் பெயரைக் கழற்றிவிட்டு ஊர்சுற்றியின் பெயரைப் பூண்டவளுக்கு அது எவ்வளவு பொருந்திப் போனது என்பதை அவளுடைய பிற்கால வழித்தடங்களே சொல்லும்.

கிரேக்கர்கள் கொடுத்த புதுமைகளில் என் கண் மீண்டும் மீண்டும் போய்த் தங்குவது பின்புறத்தில். அங்கே தளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, குளத்துப் படித்துறை இறங்குவதாய் இறங்குகின்றன. மேல்தளம் பின்வாங்கி நிற்க, அதன் கீழ்த்தளம் ஓர் அகன்ற முற்றமாய் நீள்கிறது. அதற்குக் கீழே இன்னொன்று. ஒவ்வொரு முற்றத்தின் விளிம்பும் கப்பலின் வட்டமான பின்புறத்தையொட்டி அரைவட்டமாகத் திரும்புகிறது. தரை முழுதும் தேக்குப் பலகை. ஈரத்தில் வழுக்காமல், வெயிலில் காலைச் சுடாமல், உப்புநீரில் நரைத்து வெள்ளிச் சாம்பலாகும் மரம். பலகைகளுக்கு நடுவே நிரப்பிய கரிய கோடுகள் வளைவோடு வளைந்து ஓடுகின்றன. இந்த முற்றங்களில் நிற்பவர் முன்னே போகும் கப்பலில் பின்னே பார்த்து நிற்கிறார். காற்று முதுகுக்குப் பின்னால் தடுக்கப்பட்டுவிடுகிறது. வெண்ணுரைத் தடம் ஒன்று தம் காலடியிலிருந்து பிறந்து அடிவானம்வரை விரிவது அவருக்கு முன்னால் கிடக்கிறது. கடற்பயணத்தில் இதற்கு ஈடான இருக்கை வேறில்லை என்பது என் துணிபு.

உள்ளலங்காரம் செய்தவர்கள் கட்சோராகிஸ் தம்பதியர், மிகாயிலும் அக்னியும். இருவரும் ஏதென்ஸின் பெயர்பெற்ற வடிவமைப்பாளர்கள். 1920களையும் 30களையும் நினைவூட்டும் ஆர்ட் டெகோ பாணியைத் தேர்ந்தார்கள். சித்திரம் பொறித்த கண்ணாடி, ஒளிரும் உலோக விளிம்பு, அடங்கிய வண்ணங்கள், திருத்தமான வளைவுகள். பொதுக்கூடங்கள் பெரும்பாலும் ஒரே தளத்தில், முன்னிருந்து பின்னுக்கு வரிசையாக அமைந்தன. முன்னே கலைநிகழ்ச்சிகளுக்கான அம்பாசடர் அரங்கு. கூடங்களைக் கடந்து நடந்தால் பின்னே சிற்றுண்டிக் கூடம், அங்கிருந்து நேராக நீச்சல்குளத்து முற்றம். வரைபடம் தேவைப்படாத கப்பல் அது. பயணிகள் ஏறத்தாழ 800 பேர். நேற்று இரவு பக்கத்து மேசையில் கண்ட முகத்தை இன்று காலை தளத்தில் கண்டு ‘வணக்கம்’ சொல்ல முடிகிற அளவு. கப்பலின் அளவுக்கும் மனிதர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கும் உள்ள உறவை அந்தத் தளத்தின் திட்டமே கவனத்தில் வைத்திருந்தது.

சிறியவள் என்பதால் அவளுக்குத் திறந்த வாசல்கள் பல. பனிக்காக வலுப்படுத்திய உடலை ஹெராட் வீணாக்கவில்லை, அண்டார்டிகாவுக்கு அனுப்பினார். பின்தளத்தில் ஹெலிகாப்டர் இறங்க மேடை அமைத்தார். பனி எங்கே திறந்திருக்கிறது என்று முன்னே பறந்து பார்ப்பதற்கு. அங்கே ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் இறங்கலாகாது என்பது பயண நிறுவனங்கள் தமக்கே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. ஆகவே அந்தப் பயணங்களில் ஆட்களைக் குறைத்து ஏற்றிக்கொண்டு, ரப்பர்ப் படகுகளில் கூட்டம் கூட்டமாகப் பென்குயின்களின் கரைக்கு அனுப்பினாள். லெனின்கிராட்டின் குளிர்காலத்துக்காகச் சேர்த்த எஃகு, தென்துருவத்துப் பனியை உரசியது.

நிறுவனங்கள் மாறின, அவற்றை விரைந்து கடக்கலாம். 2010 முதல் பிரிட்டனின் குரூஸ் அண்ட் மாரிடைம் வாயேஜஸ் அவளைத் தேம்ஸ் நதிக்கரையின் டில்பரியிலிருந்து இயக்கியது. நார்வேயின் குடாக்களில் மலைச்சுவர்களுக்கு நடுவே ஊர்ந்தாள். குளிர்காலத்தில் வடதுருவ ஒளியைத் தேடிப் போனாள். கடலிலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் உள்ளே, அமேசான் ஆற்றில் ஏறி மனாவுஸ் நகரத்தைத் தொட்டாள். செம்மண் கலங்கிய நீரில் அந்தக் கருநீல அணியம் காட்டைப் பிளந்து போவதைக் காட்டும் படங்களைத் தேடிப் பாருங்கள். அட்லாண்டிக்குக்காக வரைந்த கோடு காட்டாற்றின் நடுவிலும் நிலைகுலையாமல் நிற்கிறது.

கடல் எல்லா நாளும் அவளிடம் கனிவாக இருந்ததில்லை. 2014 பிப்ரவரியில் ஆங்கிலக் கால்வாயை ஒட்டிய கடும்புயலில் ஓர் அலை சாப்பாட்டுக்கூடச் சன்னல்களை உடைத்து உள்ளே பாய்ந்தது. முதிய பயணி ஒருவர் உயிரிழந்தார். அரைநூற்றாண்டு பழகிய கப்பலுக்கும் கடல் அந்நியமே என்று அன்று தெரிந்தது. ஆனாலும் பழுது பார்த்துக்கொண்டு, மேலும் ஆறு ஆண்டுகள் ஓடினாள். 2020இல் பெருந்தொற்று எல்லாப் பயணக் கப்பல்களையும் நிறுத்தியது. ஜூலையில் நிறுவனம் நொடித்தது, கப்பல் ஏலம் போனது. 2021 ஜனவரியில், குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்து சேர்ந்தாள். காம்பே வளைகுடாவின் ஓதம் மிகப் பெரியது. அது உச்சத்தில் ஏறும் நாளில் கப்பலைக் கரையை நோக்கி ஓட்டி மணலில் ஏற்றுவார்கள், நீர் வடிந்ததும் உடைக்கத் தொடங்குவார்கள். கரையேறிய படத்தில்கூட அணியம் நிமிர்ந்தே இருக்கிறது.

ஃபிராங்கோவும் ஷெவ்சென்கோவும் ருஸ்தவேலியும் அவளுக்கு முன்பே உடைக்கப்பட்டுவிட்டனர். ஐவரில் கடைசியாகக் கட்டிய லெர்மன்தவ் மட்டும் வேறு வழி போனாள். 1986 பிப்ரவரி 16 அன்று நியூசிலாந்தின் மார்ல்பரோ நீர்ப்பரப்பில் பாறையில் மோதி, போர்ட் கோர் விரிகுடாவில் மூழ்கினாள். கப்பல் ஊழியர் ஒருவரைத் தவிர அனைவரும் மீட்கப்பட்டனர். வலப்பக்கம் சாய்ந்து, நாற்பது மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில் இன்னும் கிடக்கிறாள். அந்த நாட்டின் பெயர்பெற்ற மூழ்குமிடங்களுள் ஒன்று அது. மேலே திரும்பிய இடப்பக்கத்து உடலையொட்டி, பச்சை நீரில் கையை வைத்துக்கொண்டே பின்புறத்திலிருந்து முன்னே நீந்திச் செல்லும் மூழ்காளர், விஸ்மாரில் வரைந்த அந்த வளைவை இன்றைக்கும் முழு நீளத்துக்குத் தொட்டுப் பார்க்கலாம்.